நெவில் ஸ்டாலர்டும் பக்கத்து வீட்டுத் தேரையும்

பக்கத்து வீட்டுச் சிறுமியிடம் தேரை இருக்கிறது என்று தெரிந்த அன்று, நெவில் ஸ்டாலர்ட் புல்வெட்டும் மெஷினைப் பாதிப் புல்லில் அப்படியே நிறுத்திவிட்டு வேலிக்கு மேலே தலையை நீட்டினார்.

"ஏய், அந்தத் தொட்டியில என்ன?"

"தேரை."

"செத்ததா?"

"உசிரோடதான். நல்லா சாப்பிடுது."

எங்கள் கரும்பு ஊரான கூரல்லாவில் தேரையைப் பற்றி இப்படி ஒரு பதிலை யாரும் யாரிடமும் சொன்னதில்லை. கரும்பு வண்டைத் தின்று தீர்க்கும் என்று எந்தக் காலத்திலோ படித்த மேதாவிகள் கடல் தாண்டிக் கொண்டுவந்து விட்ட பிராணி அது. வண்டைத் தொடவில்லை, மற்ற எல்லாவற்றையும் தின்றது. முதுகெல்லாம் விஷம். அதைக் கவ்விய பாம்பு சாகும், உடும்பு சாகும், நாய் சாகும். எங்கள் ஊரில் குழந்தை நடக்கப் பழகியதும் செருப்பை உதறிப் போடக் கற்றுக்கொள்ளும். அடுத்தபடியாக, பொழுது சாய்வதற்குள் நாயின் தட்டை வீட்டுக்குள் எடுத்துவைக்கக் கற்றுக்கொள்ளும். தட்டு வெளியே கிடந்தால் அதிலிருக்கும் தீனிக்குத் தேரை வரும், தேரையைப் பிடிக்க நாய் வரும், காலையில் நாய் இருக்காது.

அப்படிப்பட்ட ஊரில், அதுவும் தன் வேலியை ஒட்டி, பழைய துணி துவைக்கும் தொட்டியில் ஒருத்தி தேரை வளர்க்கிறாள்! ஸ்டாலர்டுக்கு அன்று இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

அவர் பிறந்ததே சர்க்கரை ஆலைக் குடியிருப்பில்தான். பதினேழு வயதில் தண்டவாள வேலைக்குப் போனவர், பிறகு முப்பத்தொரு வருஷம் கரும்பு ரயில் ஓட்டினார். வண்டி வரும்போது அவசரப்பட்டுக் குறுக்கே கார் ஓட்டிய பாதிரியாரை, எஞ்சினை நிறுத்தி இறங்கிவந்து, ஞாயிற்றுக்கிழமை உடுப்போடு நிற்கவைத்துத் திட்டியவர். மனைவி ஜோன் பதினான்கு வருஷம் பொறுத்துப் பார்த்தாள். "அந்த ஆளுக்கு ஹாரன் அடிக்கத் தெரியும், பேசத் தெரியாது" என்று பேக்கரியில் நாலு பேர் காதுபடச் சொல்லிவிட்டு டவுன்ஸ்வில்லில் இருக்கும் தங்கையிடம் போய்விட்டாள். பிள்ளைகள் கிடையாது. மிஞ்சியது பிஸ்கட் மட்டும்தான். மாடு மேய்க்கிற ஜாதி நாய், நீலச் சாம்பல் நிறம், ஒரு காது கிழிந்தது. தினமும் எஞ்சினில் அவர் காலடியில் படுத்தபடி வேலைக்குப் போய்வரும். ஜோனிடம் பேசாததையெல்லாம் அவர் அதனிடம் பேசினார் என்று ஆலையில் சொல்வார்கள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நவம்பரில், அந்த வருஷத்து அறுவடையின் கடைசி ரயிலை ஸ்டாலர்ட்தான் ஓட்டினார். அது அவருடைய கடைசி ரயிலும்கூட. எஞ்சினைப் பச்சைத் தோகையால் அலங்கரித்து, ஊர் முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டே போனார். ஆலையில் விருந்து, பீர், பேச்சு எல்லாம் நடந்தது. மறுநாள் காலை பிஸ்கட் அவர் வீட்டுக் குழாயடியில் விறைத்துக் கிடந்தது. வாயெல்லாம் நுரை. அவர் அழுததை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. பழைய கோல்ஃப் மட்டையோடு தெருவில் இறங்கியதைத்தான் பார்த்தோம்.

அன்று ஆரம்பித்த போர். மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை புல்தரையில் பந்து உருட்டும் எங்கள் பௌலிங் கிளப்பில் தேரை நாள் நடக்கும். பிடித்த தேரைகளை வாளிவாளியாகக் கொண்டுவந்து நிறுப்போம்; அதிக எடை கொண்டுவருகிறவருக்குக் கோப்பை; எல்லாத் தேரையும் கிளப்பின் பெரிய ஃப்ரீசருக்குள் போகும். முதலில் குளிர்ப்பெட்டியில் வைத்து மரத்துப் போகவைத்துவிட்டு அப்புறம் உறையவைப்பதுதான் இப்போது முறை. மட்டையால் அடிப்பது பாவம் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். ஆகவே, தூண்களின் மேல் நிற்கும் எங்கள் ஊர் வீடு ஒவ்வொன்றுக்கு அடியிலும் இரண்டாவதாக ஒரு பழைய ஃப்ரிட்ஜ் உண்டு. அதில் பீர், தூண்டிலுக்கு இறால், காலி ஐஸ்கிரீம் டப்பாவில் தேரை. ஐந்து வருஷமாகக் கோப்பையை ஸ்டாலர்ட் தவிர வேறு யாரும் தொடவில்லை. மூன்றாவது வருஷமே அதற்கு 'பிஸ்கட் கோப்பை' என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

இப்படிப்பட்டவருக்குப் பக்கத்து வீடாக பியா பவான் வந்து சேர்ந்தாள். பத்து வயது. முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து, அதன் வழியாக விசிலடிப்பாள். அம்மா லொரேனாவுக்கு மருத்துவமனைச் சமையலறையில் வேலை. பள்ளிக்கூடத்தில் பியாவை ஏற்கெனவே யாரும் ஆட்டத்துக்குச் சேர்ப்பதில்லை. தேரை வந்தபிறகு பெஞ்சிலும் பக்கத்தில் உட்காருவதில்லை. அவள் அதைப்பற்றி அலட்டிக்கொள்ளவில்லை. தேரை ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம் இருந்தது. பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டுதான் அதைத் தூக்குவாள். தொட்டிக்கு மேலே 'தொட்டால் கை கழுவு, இல்லாவிட்டால் என்னைக் குறை சொல்லாதே' என்று எழுதித் தொங்கவிட்டிருந்தாள். சாயங்காலம் பொம்மைத் தள்ளுவண்டியில் அதை உட்காரவைத்து, தலைக்குப் பொம்மைக் குல்லாய் போட்டுத் தெருவில் தள்ளிக்கொண்டு போவாள். பள்ளியில் செல்லப் பிராணி ஊர்வலம் நடந்தபோது அதையும் கொண்டுபோனாள். நடுவராக வந்த அம்மாள் கிட்டவே வராமல், மைதானத்தின் மறுபக்கத்திலிருந்து "ரொம்ப அழகு" என்று கத்திவிட்டுக் குதிரைக்குட்டியைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஸ்டாலர்ட் நகரசபைக்குப் புகார் எழுதினார். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. சேவல் வளர்க்கக் கூடாது, மூன்றாவது நாய்க்கு அனுமதி வேண்டும், தேரைக்கு விதி எதுவும் இல்லை, தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. அவர் அந்தக் கடிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டார்.

விஷயம் பியாவின் காதுக்குப் போயிற்று. அதுவரை அந்தத் தேரைக்குப் பெயர் கில்பர்ட். மறுநாள் காலை எட்டு மணிக்கு, தெருவே வேலைக்குக் கிளம்பும் நேரம் பார்த்து, அவள் முற்றத்தில் நின்று கூப்பிட்டாள்:

"நெவில்! வயித்தைப் பாரு வயித்தை! ராத்திரி எத்தனை கரப்பான் முழுங்கின, நெவில்?"

எதிர்வீட்டில் யாரோ காபியைத் துப்பிவிட்டுச் சிரித்தார்கள். ஸ்டாலர்ட் வேலிக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது.

"அதுக்கு என் பேரையா வச்சிருக்க?"

"ஊர்ல உங்க ஒருத்தருக்குத்தான் அந்தப் பேரா மிஸ்டர் ஸ்டாலர்ட்? எங்க ஸ்கூல் பஸ் டிரைவரும் நெவில்தான்."

"வாயாடி! அது என் வேலியைத் தாண்டட்டும். அன்னிக்குத் தெரியும்."

"தாண்டாது. அதுக்கு உங்களைக் கண்டா ஆகாது."

லொரேனா ஜன்னலில் இருந்து "பியா, உள்ள வா, பெரியவங்ககிட்ட என்ன பேச்சு" என்று அதட்டினாள். அதட்டியவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள் என்பதும் ஸ்டாலர்டின் கண்ணில் பட்டது. அன்றிலிருந்து அவளுக்கும் அவர் வணக்கம் சொல்வதில்லை.

இந்த மார்ச்சில் தேரை நாளுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. மத்தியானம் மழை கொட்டி ஓய்ந்திருந்தது. நாலு மணிக்கு ஸ்டாலர்ட் குழாயடிக்குப் போனார். அங்கே பிஸ்கட்டின் பழைய அலுமினியத் தட்டு ஆறு வருஷமாக இருந்த இடத்திலேயே இருந்தது. கேட்டால், தேரையை இழுக்கும் பொறி என்பார். உண்மையில் அந்தத் தட்டை அவர் பிஸ்கட் செத்த நாளிலிருந்து கையால் தொட்டதில்லை. இப்போது அதில் மழைத் தண்ணீர் நிறைந்திருந்தது. தண்ணீருக்கு நடுவே, ஏதோ தன் வீட்டுக் குளியல் தொட்டி போல, பியாவின் தேரை உட்கார்ந்திருந்தது. தலையில் குல்லாய் கோணலாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

பிஸ்கட்டின் தட்டில்! அவருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கையுறையைப் போட்டார், ஒரே அமுக்கு, தேரை இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள். மூடியில் நாலு ஓட்டை. வீட்டுக்கு அடியில் இருந்த ஃப்ரிட்ஜில் பீருக்குப் பக்கத்தில் வைத்துக் கதவை அறைந்து சாத்தினார். ஒன்றேகால் கிலோ தேறும். டயர் கடைக் கார்ல் ட்ரெங்கோவ் இந்த வருஷம் விடாமல் வேட்டையாடுகிறான் என்று கேள்வி. இது ஒன்றே போதும், அவன் மூக்கை உடைக்க.

அரை மணி நேரத்தில் பியா வந்துவிட்டாள். முழங்காலெல்லாம் சேறு.

"மிஸ்டர் ஸ்டாலர்ட், என் தேரையைக் காணோம்."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"மழையில தொட்டி ரொம்பி வெளியில வந்துடுச்சு. உங்க குழாய் வரைக்கும் சேத்துல தடம் இருக்கு. அப்புறம் இல்ல."

"காக்கா தூக்கிட்டுப் போயிருக்கும்."

"தேரையைக் காக்கா தூக்காது. அந்த ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டுங்க."

"என் ஃப்ரிட்ஜை நான் உனக்கெதுக்குத் திறக்கணும்? போடி வெளியில!"

அவள் போகவில்லை. அழவும் இல்லை.

"அது உங்களை என்ன பண்ணிச்சு?"

"என்ன பண்ணிச்சா?" ஸ்டாலர்டின் குரல் தெருமுனை வரை கேட்டது. "என் நாயைக் கொன்னுச்சு! பதினோரு வருஷம் என்கூட இருந்த நாய்! உன் அருமைத் தேரை ஜாதிதான் கொன்னுச்சு! கேக்க வந்துட்டா!"

"தேரை உங்க நாயைத் தேடிப் போய்க் கடிச்சுதா?" என்று பியாவும் கத்தினாள். "தட்டுல சாப்பாடு இருந்தாதான் தேரை கிட்டயே வரும். ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கும் தெரியும். அன்னிக்கு ராத்திரி தட்டை வெளியில விட்டது யாரு? தேரையா விட்டுச்சு?"

ஸ்டாலர்ட் குழாயடியைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னும்கூட வெளியிலதான் கிடக்கு" என்று தட்டைக் காட்டிச் சொல்லிவிட்டு அவள் திரும்பி நடந்தாள். கேட்டை உதைத்துச் சாத்தினாள்.

அவர் படிக்கட்டில் உட்கார்ந்தார். கடைசி ரயில் ஓட்டிய அன்று, விருந்தில் மிஞ்சிய சாஸேஜ்களை ஒரு காகிதத்தில் சுருட்டி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். ஏழெட்டு பீர் உள்ளே போயிருந்தது. இன்றைக்கு எனக்கும் விடுதலை, உனக்கும் விடுதலை என்று பிஸ்கட்டிடம் ஏதோ உளறிக்கொண்டே எல்லாவற்றையும் தட்டில் கொட்டினார். நாய் பாதி தின்றது. மீதியைக் காலையில் தின்னட்டும் என்று விட்டுவிட்டுப் போய்ப் படுத்தார். பிறந்ததிலிருந்து கரும்பு ஊரிலேயே கிடந்தவன் செய்கிற காரியமா இது? வேறு யாராவது செய்திருந்தால், அந்த ஆளை நிற்கவைத்துத் தோலை உரித்திருப்பார். ஆறு வருஷத்தில் எத்தனை தேரை கொன்றிருப்பார்! ஒன்றுக்குக்கூட அந்த சாஸேஜ் ஞாபகத்தை விழுங்கத் தெரியவில்லை.

ஒரு பீர் எடுக்கலாம் என்று ஃப்ரிட்ஜைத் திறந்தார். டப்பாவுக்குள் ஏதோ ஒருமுறை சுரண்டியது. பீரை விட்டுவிட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு மேலே போய், சமையலறை மேஜையில் வைத்தார். குளிர்ந்தால் எடை குறைந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முப்பத்தொரு வருஷம் கரும்புப் பெட்டிகளை எடைமேடையில் ஏற்றி இறக்கியவருக்கு அது வடிகட்டின பொய் என்று தெரியும். குல்லாயைக் கழற்றி, துவைத்து, கொடியில் போட்டார். ஏன் போட்டார் என்று அவரைக் கேட்டால் அடிக்க வருவார்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கிளப்பில் நல்ல கூட்டம். தகரக் கொட்டகைக்குக் கீழே சாஸேஜ் வாட்டும் புகை, தராசு, வரிசையாக மூடி போட்ட வாளிகள். கிளப் காரியதரிசி லயனல் ஹிக்கி ஒலிபெருக்கியோடு நின்றார். லயனலிடம் ஒலிபெருக்கி இருந்தால் ஊருக்குக் காது வலிக்கும்.

"டயர் கடை ட்ரெங்கோவ், முப்பத்தொண்ணு புள்ளி ரெண்டு கிலோ! அடுத்தது நம்ம சாம்பியன். வா நெவ், வா. நேத்து ராத்திரி தூங்கினியா இல்லையா? மூஞ்சி ஒரு மாதிரி இருக்கே."

ஸ்டாலர்டின் வாளிகள் தராசில் ஏறின. முப்பது புள்ளி ஆறு. ட்ரெங்கோவின் ஆட்கள் ஊளையிட்டார்கள்.

"அவ்வளவுதானா சாம்பியன்?" என்றான் ட்ரெங்கோவ். "வயசாயிடுச்சு. டயரை மாத்திக்க, என் கடைக்கு வா."

"அந்த டப்பாவுல என்ன நெவ்?" என்றார் லயனல்.

ஸ்டாலர்டின் கக்கத்தில் டப்பா இருந்தது. அதை ஏன் கொண்டுவந்தார் என்று வீட்டிலிருந்து கிளப் வரைக்கும் அவரே தீர்மானிக்கவில்லை. லயனல் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை, பிடுங்கி மூடியைத் திறந்தார். தேரை உப்பிக்கொண்டு, முழு விழிப்போடு, கடுங்கோபமாக அவரை முறைத்தது. கூட்டம் 'ஓ' என்றது.

"அடேயப்பா! இது தேரையா, எருமையா? இது ஒண்ணு போதும்டா, கோப்பை கைக்கு வந்தாச்சு!"

"அது என்னுது."

பியா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து தராசுக்கு முன்னால் நின்றாள். பின்னாலேயே லொரேனா, மருத்துவமனை ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல்.

சிரிப்பு வெடித்தது. தேரைக்குச் சொந்தக்காரியாம்! "பேரு வேற இருக்குமே பாப்பா?" என்று ஒருவன். "வண்டியில வச்சுத் தள்ளுவாளே, அந்தப் பைத்தியம்" என்று ஒருத்தி. "பிள்ளையை வளர்க்கத் தெரியலைன்னா தேரைதான் வளரும்" என்று லொரேனாவின் காதுபட இன்னொருத்தி. லொரேனா மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். பியா தராசின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவள் ஸ்டாலர்டைப் பார்த்தாள். தட்டு விஷயத்தை அவள் எடுக்கப் போகிறாள் என்று ஸ்டாலர்ட் நினைத்தார். அவள் எடுக்கவில்லை.

லயனல் ஒலிபெருக்கியைத் தூக்கினார். "என்ன யோசனை நெவ்? தராசுல போடு! பிஸ்கட்டுக்காகப் போடு!"

"பிஸ்கட்டுக்காக!" என்று கூட்டம் பிடித்துக்கொண்டது. "பிஸ்கட்! பிஸ்கட்! பிஸ்கட்!"

செத்த நாயின் பெயரை அத்தனை வாய்கள் கத்துவதைக் கேட்கக் கேட்க ஸ்டாலர்டுக்குக் காது அடைத்தது. லயனலின் கையிலிருந்த ஒலிபெருக்கியைப் பிடுங்கினார்.

"வாயை மூடுங்கடா! தட்டை வெளியில விட்டது நான்தான்!"

ஒலிபெருக்கியை இறக்காமலே தொடர்ந்தார்.

"குடிச்சிட்டு வந்து நான்தான் விட்டேன். தட்டு நிறைய சாஸேஜ். அதுக்குத்தான் தேரை வந்துச்சு. என் நாயைக் கொன்னது நான்."

யாரும் ஆச்சரியப்படவில்லை என்பதை அவர் அப்போதுதான் பார்த்தார். லயனல் தரையைப் பார்த்தார். ட்ரெங்கோவ் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். எங்கள் எல்லாருக்கும் தெரியும். அன்று காலை குழாயடியில் தட்டு கிடந்ததைத் தெருவே பார்த்தது. முகத்துக்கு நேரே சொல்லத் துணிச்சல் இல்லாமல், ஐந்து வருஷமாக அவர் கையில் கோப்பையைக் கொடுத்துக் கைதட்டிக்கொண்டிருந்தோம்.

ஸ்டாலர்ட் டப்பாவை மூடி பியாவிடம் நீட்டினார்.

"ஒழுங்கா எடுத்துட்டுப் போ. பொழுது சாயறதுக்குள்ள இதை உள்ள போட்டு மூடு. இன்னொரு தடவை என் முற்றத்துல பார்த்தேன், நேரா ஃப்ரீசர்தான். சும்மா சொல்றேன்னு நெனைக்காதே."

பியா மூடியைத் தூக்கிப் பார்த்தாள். நன்றி சொல்லவில்லை.

"குல்லாய் எங்க?"

"கொடியில காயுது. வந்து எடுத்துக்க. கேட்டை உதைக்காம வா."

"நீங்க தட்டை உள்ள எடுத்து வைங்க. அது ஏன் அங்க வருதுன்னு நினைச்சீங்க?"

லொரேனா இந்தத் தடவை அவளை அதட்டவில்லை. இந்த வருஷக் கோப்பை ட்ரெங்கோவுக்குப் போனது. வாங்கும்போது அவன் கைதட்டலுக்காகச் சுற்றுமுற்றும் பார்த்தான். ஒன்றிரண்டு பேர் தட்டினார்கள்.

சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கம் தொட்டி மீது பலகை இழுபடும் சத்தம் கேட்டது. ஸ்டாலர்ட் குழாயடிக்குப் போய்த் தட்டில் இருந்த தண்ணீரைக் கொட்டினார். தட்டுக்கு அடியில் புல் வெளுத்துப் போயிருந்தது, வட்டமாக. இன்னும் வெளிச்சம் இருந்தது. அவர் தட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய், அதைக் கழுவி, பாத்திரங்களோடு கவிழ்த்து வைத்தார்.